ஓவியத்தின் முன் ஒரு மணி நேரம்: கலைக்கூடத் தொண்டூழியமும் நம் வாய்மொழி வகுப்பும்



"டீச்சர், காணொளிய பாத்தாச்சு. மூணு வாக்கியம் சொல்லிட்டேன். அதுக்கு மேல என்ன பேசுறது?"

வாய்மொழித் தேர்வுக்கு முந்திய வாரங்களில் இந்தக் கேள்வி நம் எல்லாருக்கும் வந்திருக்கும். பல வருஷமாக நான் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "இன்னும் கொஞ்சம் விரிவாச் சொல்லு." எப்படி விரிவாகச் சொல்வது என்று மட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. நம் தேசியக் கலைக்கூடத்தில் தொண்டூழிய வழிகாட்டியாகச் சேர்ந்து, ஒரு முறை நன்றாகச் சொதப்பிய பிறகுதான் அது புரிந்தது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவந்த சில வழிகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

டோசண்ட் என்பவர் யார்?

அரும்பொருளகங்களிலும் கலைக்கூடங்களிலும் பார்வையாளர்களை அழைத்துச் சென்று படைப்புகளைப் பற்றிப் பேசும் தொண்டூழியரை டோசண்ட் என்பார்கள். கற்பித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆக, பெயரிலேயே ஆசிரியர் இருக்கிறார். தமிழில் "வழிகாட்டி" என்றே சொல்லலாம்.

ஊதியம் கிடையாது. ஆனால் ஆர்வம் இருந்தால் போதும், நேரே போய்ப் பேசிவிடலாம் என்றும் இல்லை. மாதக்கணக்கில் பயிற்சி உண்டு. கலை வரலாறு படிக்க வேண்டும், படைப்புகளைப் பற்றிக் குறிப்பெடுக்க வேண்டும், சுற்றுக்கான உரையை எழுத வேண்டும். மூத்த வழிகாட்டிகளின் சுற்றுகளில் பின்னாலேயே நடந்து கவனிக்க வேண்டும். கடைசியில் ஒரு சோதனைச் சுற்று நடத்திக்காட்ட வேண்டும். நாம் ஆசிரியர் பயிற்சியின்போது பாடம் நடத்த, பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாரே, அதே நிலைமைதான்.

ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். புதிதாகச் சேர்ந்தபோது நான் 15 ஓவியங்களைப் பட்டியல் போட்டேன். அனுபவசாலிகள் ஏழு எட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். நடப்பதற்கு நேரம் வேண்டும், பார்ப்பதற்கு நேரம் வேண்டும், கேள்விக்கும் நேரம் வேண்டும்.

சின்னச் சின்ன விதிகளும் உண்டு. ஓவியத்தை மறைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓவியத்திடம் பேசக்கூடாது. கையில் பேனா வேண்டாம், பென்சில் போதும். சுவரில் ஒட்டியுள்ள விளக்க அட்டையை அப்படியே படிக்கக்கூடாது. வந்தவர்களுக்கும் படிக்கத் தெரியும். அளவும் முக்கியம். ஜாவாவைச் சேர்ந்த ராடன் சாலே 1849ல் தீட்டிய "காட்டுத் தீ" ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலம். தீக்குப் பயந்து ஓடிவந்த விலங்குகள் மலைவிளிம்பில் தவிக்கும் அந்த ஓவியத்தின் முன் 30 பேர் நிற்கலாம். ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தன்னையே வரைந்த உருவப்படம் ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் முன் ஆறு ஏழு பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவருக்குத் தலைகள்தான் தெரியும்.

இடத்தைப் பற்றி

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி, பாடாங் திடலை நோக்கி நடந்தால் இரண்டு பெரிய பழைய கட்டடங்கள் தெரியும். 1929ல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம் ஒன்று. 1939ல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம் மற்றொன்று. இரண்டையும் இணைத்து 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படைகள் சரணடைந்த ஆவணத்தில் கையெழுத்தானது இந்த நகர மண்டபத்தில்தான். 1959 ஜூனில் திரு. லீ குவான் யூவும் அவரது அமைச்சரவையும் பதவியேற்றதும் இங்கேதான். சமூகப் பாடத்தில் படித்த இடத்துக்குள் நடந்துகொண்டே ஓவியம் பார்க்கிறோம் என்று சொன்னால் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நான் சொதப்பிய சுற்று

என் வழக்கமான சுற்றுகள் ஆங்கிலத்தில்தான். ஒரு முறை, தமிழ் பேசும் மூத்தோர் குழு ஒன்றை அழைத்துப்போகும் வாய்ப்பு வந்தது. தமிழாசிரியர் ஆயிற்றே, ரொம்ப சந்தோஷப்பட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து உரையைத் தமிழில் எழுதினேன். கலைச்சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடிப்பிடித்தேன். எட்டு ஓவியம், ஓர் ஓவியத்துக்கு ஆறு நிமிஷம் என்று கணக்குப் போட்டு மனப்பாடம் செய்தேன்.

நான்காவது நிறுத்தம் சுவா மியா டீ 1959ல் வரைந்த "தேசிய மொழி வகுப்பு". அந்த வருஷம் சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்தது, மலாய் தேசிய மொழி ஆனது என்று கடகடவெனச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்த ஒரு பெரியவர் ஓவியத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நானும் இப்படி ஒரு கிளாஸ்ல உக்காந்திருக்கேம்மா. ஹார்பர்ல வேல முடிஞ்சு ராத்திரில போவோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியா ஐயா, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஓவியத்துக்கு அழைத்துப் போய்விட்டேன். சுற்று சரியாக 60 நிமிஷத்தில் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பின்னால் வந்த மூத்த வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது. காப்பி குடிக்கும்போது ஆங்கிலத்தில் கேட்டார்: "அந்தப் பெரியவர் ஏதோ சொன்னாரே, என்ன அது?" சொன்னேன். "சரி, அதற்கு நீ என்ன கேட்டாய்?" என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை. அவர் மேற்கொண்டு பேசவில்லை. காப்பியை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். புத்தகத்தில் படித்ததை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் என் எதிரிலேயே நின்றார். அவரைப் பேசவிடவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. வகுப்பிலும் நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மாணவன் மூன்று வாக்கியம் சொல்கிறான், நான் "நல்லது" என்கிறேன், அடுத்த பையனுக்குப் போகிறேன். பிறகு "விரிவாகப் பேசத் தெரியவில்லை" என்று அவன்மேல் பழி போடுகிறேன்.

மூன்று கேள்விகள்

அதற்குப் பிறகு, பயிற்சியில் காதில் வாங்கி அப்படியே விட்டுவிட்ட ஒரு முறையை மறுபடி எடுத்துப் படித்தேன். அமெரிக்காவில் அபிகேல் ஹவுசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உருவாக்கியது. மூன்றே கேள்விகள். நம் வாயில் வருகிற மாதிரித் தமிழில் இப்படிக் கேட்கலாம்:

1. இந்தப் படத்துல என்ன நடக்குது?
2. எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?
3. வேற என்ன தெரியுது?

பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். இரண்டாவது கேள்வியில்தான் முழு வேலையும் இருக்கிறது. முதல் கேள்விக்குக் கருத்து வரும். இரண்டாவது கேள்விக்கு ஆதாரம் வர வேண்டும். ஆதாரம் தேட வேண்டுமென்றால் படத்தை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். மூன்றாவது கேள்வி, பேசாத மாணவருக்குக் கதவைத் திறந்துவைக்கிறது.

நடத்துபவர் செய்ய வேண்டியவையும் மூன்று. ஒருவர் சொல்லும் இடத்தைப் படத்தில் சுட்டிக்காட்ட வேண்டும். சொன்னதை வேறு சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கருத்தை இன்னொருவர் கருத்தோடு இணைக்க வேண்டும். "சரி", "தப்பு", "சூப்பர்" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆசிரியர் வாய் சும்மா இருக்குமா?

திருப்பிச் சொல்லும் இடத்தில்தான் நம் தமிழ் வகுப்புக்குப் பெரிய லாபம். மாணவன், "அந்த ஆளு பயந்து பின்னாடி வுழுறாரு" என்பான். நீங்கள், "புலி பாய்ந்ததும் நிலைதடுமாறிப் பின்பக்கமாகச் சாய்கிறார் என்று சொல்கிறாய், அப்படித்தானே?" என்பீர்கள். அவனைத் திருத்தவில்லை, அவன் கருத்தையும் மாற்றவில்லை. ஆனால் "நிலைதடுமாறி" என்ற சொல் அவன் காதில் விழுந்துவிட்டது. அடுத்த முறை அவனே அதைச் சொல்வான், அல்லது பக்கத்தில் இருப்பவள் சொல்வாள்.

புலியும் மூன்று கால் கருவியும்

மேலே சொன்ன புலி ஒரு மர அச்சுச் சித்திரத்தில் வருகிறது. ஹைன்ரிக் லாய்ட்டமன் என்ற ஜெர்மன் ஓவியர் உருவாக்கியது. 1835ல் சிங்கப்பூரில் சாலை அமைக்க நிலத்தை அளந்துகொண்டிருந்த ஜார்ஜ் கோல்மன் குழுவின்மீது ஒரு புலி பாய்ந்த சம்பவத்தைக் காட்டுகிறது. புலி விழுந்தது அளக்கும் கருவியின்மேல். ஆட்கள் தப்பித்தார்கள். கலைக்கூடத்தை ஒட்டி ஓடும் கோல்மன் தெரு அவர் பெயரில் அமைந்ததுதான்.

உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு இதைத் திரையில் காட்டினேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், "யாரோ போட்டோ எடுக்குறாங்க டீச்சர்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பழைய நானாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "எதைப் பார்த்து அப்படிச் சொல்ற?" என்று கேட்டேன்.

"அங்க ஸ்டாண்ட் இருக்கு. மூணு காலு. மேல ஏதோ கேமரா மாதிரி இருக்கு."

சரியாகத்தானே பார்த்திருக்கிறான்! முக்காலி உண்டு, அதன்மேல் கருவியும் உண்டு. கருவியின் பெயர் மட்டும்தான் அவனுக்குத் தெரியவில்லை. "முக்காலியின்மேல் ஒரு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது, அதனால் யாரோ எதையோ பதிவுசெய்கிறார்கள் என்று நினைக்கிறாய்" என்று திருப்பிச் சொன்னேன். உடனே இன்னொரு மாணவி, "ரோடு போடுறப்ப இப்படி ஒண்ண வச்சு ஒரு கண்ண மூடிப் பாப்பாங்க" என்றாள். நில அளவைக் கருவி என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்துசேர்ந்தார்கள்.

அடுத்து, "சுத்தி இருக்கிற மத்தவங்க யாரு?" என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் நான் தகவல் கொடுத்தேன். கோல்மனிடம் வேலை பார்த்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 தொடங்கி 1873 வரை சென்னை, வங்காளம், பம்பாய் பகுதிகளிலிருந்து வந்த கைதிகள் இங்கே சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். கலைக்கூடத்துக்கு எதிரே வெள்ளையாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. சித்திரத்தின் கதையில் கோல்மனுக்குப் பெயர் இருக்கிறது. கைதிகளுக்கு இல்லை. ஒரு மாணவி கேட்டாள்: "புலி யாரையாச்சும் கொன்னிருந்தா அவங்க பேர எழுதியிருப்பாங்களா டீச்சர்?" என்னிடம் பதில் இல்லை. அதை அப்படியே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தேன்.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். லாய்ட்டமன் பிறந்தது 1824ல். சம்பவம் நடந்தபோது ஜெர்மனியில் அவர் சிறு பையன். அப்படியென்றால் இது நேரில் பார்த்து வரைந்ததா? எதை நம்பலாம், எது கற்பனையாக இருக்கலாம்? உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு இது நல்ல விவாதம்.

தேர்வுக்கு இது எப்படி உதவும்?

மாணவர்களே, "தேசிய மொழி வகுப்பு" ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள், நின்றுகொண்டிருக்கும் மலாய் ஆசிரியர், கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? நீ எங்கே வசிக்கிறாய்? இதற்கு இரண்டு விதமான பதில்களைப் பாருங்கள்.

முதல் பதில்: "இது ஒரு வகுப்பறை. ஆசிரியர் பாடம் நடத்துகிறார். மாணவர்கள் கவனிக்கிறார்கள்."

இரண்டாம் பதில்: "இது மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கான வகுப்பாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால், கரும்பலகையில் எழுதியிருப்பவை மிக எளிய கேள்விகள். மாணவர்களின் வயதும் ஒரே மாதிரி இல்லை. அனைவரும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். அதனால் அங்கே யாரும் முதல் வரிசை, கடைசி வரிசை என்று இல்லை. எனக்கு என் பாட்டி ஆங்கிலம் கற்றுக்கொண்டது நினைவுக்கு வருகிறது..."

இரண்டாம் பதிலில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. "இருக்கலாம் என்று நினைக்கிறேன்", "ஏனென்றால்", "அதனால்", "நினைவுக்கு வருகிறது" ஆகிய நான்கு இணைப்புகளும் பேச்சைத் தானாக நீட்டிக்கொண்டு போகின்றன. காணொளியைப் பார்க்கும்போதும் இதே வரிசைதான்: என்ன பார்த்தேன், எதனால் அப்படிச் சொல்கிறேன், அது என்ன உணர்த்துகிறது, என் அனுபவத்தில் அதைப்போல் என்ன இருக்கிறது.

ஒரு மொழிக் குறிப்பு. கரும்பலகையில் உள்ள இரண்டு மலாய்க் கேள்விகளிலும் முன்னிலைக்கு வெவ்வேறு சொற்கள் உள்ளன: ஒன்றில் "காமு", மற்றொன்றில் "அவாக்". தமிழில் நமக்கு "நீ"யும் "நீங்க"ளும் இருக்கின்றன. அந்த ஆசிரியர் தமிழராக இருந்தால் பலகையில் எதை எழுதியிருப்பார்? பெரியவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் "உன் பெயர் என்ன" என்று கேட்க முடியுமா? பத்து நிமிஷம் வகுப்பு சூடுபிடிக்கும்.

பயன்படும் சில சொற்கள்: முன்னணி, பின்னணி, ஒளி, நிழல், தைலவண்ண ஓவியம், நீர்வண்ண ஓவியம், மர அச்சு, உருவப்படம், நிலக்காட்சி, சிற்பம், முகபாவனை, உடல்மொழி. ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். மாணவர் வாயில் அந்தக் கருத்து வரும்போது அந்தச் சொல்லைக் கொடுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க (30 நிமிடம்)

• ஒரே ஒரு படத்தைத் திரையில் காட்டுங்கள். தலைப்பையும் ஓவியர் பெயரையும் மறைத்துவிடுங்கள்.
• இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கட்டும். முதல் தடவை நெளிவார்கள், பரவாயில்லை.
• 12 நிமிடம் மூன்று கேள்விகள். பேச்சுத் தமிழில் பேசவிடுங்கள். நீங்கள் திருத்தமான தமிழில் திருப்பிச் சொல்லுங்கள்.
• 4 நிமிடம் நீங்கள் தகவல் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.
• கடைசி 12 நிமிடம் ஆளுக்கு ஆறு வாக்கியம் எழுதட்டும். இரண்டிலாவது "ஏனென்றால்" வர வேண்டும்.

இதனால் மதிப்பெண் கூடிவிட்டது என்று நான் கணக்குக் காட்டப் போவதில்லை. அந்த "கேமரா" பையன் இன்னும் தயங்கித்தான் பேசுகிறான். ஆனால் மூன்று வாக்கியத்தோடு நின்றுவிட்டால், "எதைப் பார்த்து அப்படிச் சொல்றேன்னா..." என்று தானே தொடங்குகிறான். அந்த ஒரு தொடரை வைத்து இன்னும் இரண்டு வாக்கியம் வருகிறது.

சேர விரும்பும் ஆசிரியர்களுக்கு

கலை வரலாறு படித்திருக்க வேண்டும் என்பதில்லை. மாதத்தில் சில மணி நேரமும், மாதக்கணக்கான பயிற்சிக்குப் பொறுமையும் வேண்டும். தேர்வுக் காலத்தில் கஷ்டம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வழிகாட்டியாகச் சேராவிட்டாலும் பார்வையாளராக ஒரு முறை போய்வாருங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. படைப்புகள், குறிப்பாகக் காகிதத்தில் அமைந்தவை, வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அவ்வப்போது மாற்றப்படும். மாணவர்களை அழைத்துப்போகும் முன் நீங்கள் தேர்ந்தெடுத்த படைப்பு காட்சியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். வகுப்பு எங்க நடந்துச்சு ஐயா? கூட யார் யார் படிச்சாங்க? முதல்ல கத்துக்கிட்ட வாக்கியம் ஞாபகம் இருக்கா?

மாணவர்களே, இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இந்த வாரம் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கேட்டதை எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள்.